நாற்பத்தேழாம் எண் இருக்கை

நான்கு மணிக்கு வேலை போகப்போகிற ஒரு மனுஷி, ஒன்றரை மணிக்கு வரிசை வரிசையாகப் பெஞ்சு துடைத்துக்கொண்டிருப்பதை மாப்பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். வேலை போகும் என்று தன் காதில் விழுந்தால் போதும், அவர் அன்றைக்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். இதுவரை நான்கு முறை படுத்திருக்கிறார்.

"துடைச்சது போதும். இப்படி வந்து உக்காரு," என்றார் அத்தை.

"விசாரணைக் குழு இங்கதான்க்கா உக்காரப் போகுது. தூசியில உக்கார வெச்சுட்டான்னு அதுக்கும் ஒரு பேர் எனக்கு வேணாம்," என்றாள் மணியக்கா.

அது ஒரு பழைய தேவாலயம். இப்போது பல்கலைக்கழகத்தின் தேர்வு அரங்கம். மணியடித்துப் பரீட்சையைத் தொடங்கி வைப்பது, மணியடித்து முடித்து வைப்பது, பெஞ்சுகளில் எண் ஒட்டுவது, இவை மூன்றும் பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. அதனால் அவள் மணியக்கா. மணிக்கூண்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு அறையில்தான் அவளும் அவள் மகளும் குடியிருந்தார்கள். வேலை போனால் வீடும் கூடவே போகும்.

அத்தை யார் என்று கேட்டால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் பேச்சை இணைத்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு காதைச் சும்மா வைத்திருக்க முடியாமல் துப்பறியக் கிளம்பியவர். மணியக்கா ஒரு காலத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. மாப்பிள்ளை யார் என்று கேட்டால், அத்தையின் ஒரே பெண்ணைக் கட்டியவர். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் அம்மாகூடப் போயிட்டு வாங்க" என்று மனைவி அனுப்பி வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அத்தை அவரை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். மரியாதையில் ஒரு குறை கிடையாது. பையை மட்டும் அவர்தான் தூக்க வேண்டும்.

"குற்றச்சாட்டைப் படிங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை.

மாப்பிள்ளை பெஞ்சில் சாய்ந்துகொண்டு தாளைப் பிரித்தார். "நாற்பத்தேழாம் எண் இருக்கையில் உட்கார்ந்து எழுதிய ஒன்பது மாணவர்கள், நான்கு பருவங்களாக, வெவ்வேறு பாடங்களில், ஒரே மாதிரியான விடைகளை எழுதியுள்ளனர். விடைகள் முன்கூட்டியே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டுள்ளன என்பது தெளிவு. யாரை எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்பவர் அரங்கப் பொறுப்பாளர். ஆகவே அவரே கொடுத்திருக்கிறார். இப்படிக்கு, தேர்வுக் கட்டுப்பாட்டாளர்."

"விடை கொடுத்தா பாஸாகணுமே. எத்தனை பேர் பாஸு?"

"ஒருத்தர். ஏழு பேர் முட்டை. இன்னிக்கு எழுதினது மட்டும் இன்னும் திருத்தலை."

"தப்பான விடையை எவளாவது திருட்டுத்தனமா கொடுப்பாளா?" என்றார் அத்தை.

"அதைத்தான்க்கா நானும் கேட்டேன்," என்றாள் மணியக்கா. "காலையில எல்லார் முன்னாடியும் அவரு என்னைக் களவாணின்னாரு. நானும் விடலை, வாய் கிழியக் கத்தினேன். 'திருடவும் தெரியலை, அதுலயும் திறமை இல்லை'ன்னு எழுதிக்கிட்டாரு."

மாப்பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதில் மாதிரிக்குச் சில விடைகள் இருந்தன. அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"வரலாறு. கேள்வி: பேரரசு வீழ்ந்த காரணம் யாது? விடை: அடிப்பகுதி அழுகிவிட்டது. காலத்தில் பிடுங்கியிருந்தால் பக்கத்து நாடுகளாவது தப்பித்திருக்கும்."

"ம்."

"கட்டடப் பொறியியல். பாலத்தின் தூண் ஆடினால் என்ன செய்ய வேண்டும்? பக்கத்துத் தூணோடு சேர்த்துக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். இரண்டு நாளைக்குக் கெட்டியான எதையும் அதன்மேல் விடக் கூடாது."

"ம்."

"இன்னிக்குக் காலையில சட்டம். காலி செய்ய மறுக்கும் வாடகைதாரரை எவ்வாறு வெளியேற்றுவது? முதலில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் இழுத்துவிடலாம். ஆடாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்க வேண்டும்." மாப்பிள்ளை தாளை மடியில் வைத்தார். "அத்தை, எனக்கு இப்ப கன்னம் லேசா வீங்குது."

"பாஸான ஒருத்தர் எதுல?"

"தத்துவம். உண்மை என்றால் என்ன? முதலில் கூசும், பிறகு வலிக்கும், கடைசியில் பழகிவிடும். முழு மதிப்பெண். திருத்தினவர் ஓரத்துல 'கண் கலங்கிவிட்டது'ன்னு எழுதியிருக்காரு."

அத்தை தாளை வாங்கி ஒரு முறை புரட்டினார். பிறகு, "இதெல்லாம் பல் டாக்டர் பேச்சு. பல் மருத்துவத் துறைக்காரங்க யாராவது இங்க வருவாங்களா?" என்று கேட்டார்.

"அவங்க காலேஜ் ஊருக்கு அந்தக் கோடியில இருக்குக்கா. அவங்க கேள்வித்தாள் மட்டும் இங்க அலமாரிக்கு வந்து, இங்கிருந்து போகும். ஆள் யாரும் வந்ததில்லை."

"பரீட்சை நேரத்துல உள்ள யார் யார் இருப்பாங்க?"

"பிள்ளைங்க. கண்காணிப்புக்கு ரெண்டு பேர், தினம் தினம் ஆள் மாறும். மேடையில கட்டுப்பாட்டாளர் ஒரு மணி நேரம் உக்காந்து கேள்வித்தாளைச் சரிபார்ப்பாரு. அப்புறம் நான். அவ்வளவுதான்."

அந்தச் சரிபார்ப்பு என்ன என்று மாப்பிள்ளை கேட்டார். மணியக்கா சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் நடுவில் இரண்டு பக்கம் இல்லாமலே அச்சாகி வந்ததாம். யாரும் கவனிக்கவில்லை. மாணவர்களும் சொல்லவில்லை, எதற்குச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒரு விதி போட்டார்கள். பரீட்சை தொடங்கிய முதல் மணி நேரம் கட்டுப்பாட்டாளரே மேடையில் உட்கார்ந்து, எந்தப் பாடமாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு கேள்விக்கும் விடை யோசித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கேள்வியில் ஓட்டை இருந்தால் தெரியுமாம்.

"எல்லாப் பாடத்துக்குமா?" என்றார் மாப்பிள்ளை. "என் கல்யாணத்தப்ப எனக்கே இவ்வளவு சோதனை இருக்கலை."

"இருந்திருந்தா கல்யாணம் நடந்திருக்காது," என்றார் அத்தை. "எந்திரிங்க, காலையில சட்டம் எழுதின பொண்ணைப் பார்ப்போம்."

அந்த அரங்கத்தில் எதையும் வீணாக்கும் வழக்கம் இல்லை. ஞானஸ்நானத் தொட்டியில் குடைகள் நின்றன. பிரசங்க மேடையில் மின்விசிறி நின்றது. பாவ அறிக்கைக் கூண்டில், பரீட்சையில் பிடிபட்டவர்களை உட்கார வைத்து வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். இந்த ஒரு சாமான் மட்டும் தன் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறதே என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

கூண்டுக்குள் நெட்டையான ஒரு பெண் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருந்த தாளில் 'நான்' என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருந்தது. அத்தை கூண்டின் நடுவில் இருந்த வலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லை. எனக்கே தோணுச்சு."

"வாடகைக்காரனுக்கு ஊசி போடணும்னு தோணுச்சா?"

பெண் தலைகுனிந்துகொண்டாள். "சொன்னா சிரிப்பீங்க. உள்ளேர்ந்து ஒரு குரல் சொல்லுச்சு. மனசாட்சின்னு நெனச்சேன். நான் சரியா படிக்கலை, அதனால அது சொன்னதை அப்படியே எழுதிட்டேன்."

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

அவள் இன்னொரு நகத்தைக் கடித்தாள். "ஆம்பளை. கொஞ்சம் சளி பிடிச்ச குரல்."

"உங்க மனசாட்சி ஆம்பளையா இருக்கிறதுகூடப் பரவாயில்லை," என்றார் மாப்பிள்ளை. "அதுக்குச் சளி எப்படிப் பிடிச்சுது?"

"சும்மா இருங்க மாப்பிள்ளை. குரல் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சும்மா?"

"பக்கம்னு இல்லை மேடம். தலைக்கு மேலேர்ந்து. யாரோ குனிஞ்சு காதுல சொல்ற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன், தூணும் கூரையும்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு தடவை இருமல்கூடக் கேட்டுச்சு."

மணியக்காவுக்கு அப்போதுதான் மற்றவர்கள் கதை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பொறியியல் பையன் மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறான். வரலாற்றுப் பையன், செத்துப்போன தாத்தா வந்து சொல்லிக் கொடுத்தார் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான். ஃபெயிலானதும் தாத்தா படத்தைச் சுவர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டானாம். யாரும் வாக்குமூலத்தில் இதை எழுதவில்லை. எழுதினால் படிப்போடு சேர்த்துப் புத்தியும் போச்சு என்பார்கள் என்று பயம்.

அத்தை எழுந்து போய் நாற்பத்தேழாம் இருக்கையில் உட்கார்ந்தார். வலப்பக்கத்து வரிசையில், நான்காவது தூணுக்குப் பின்னால் இருந்தது அது. அங்கிருந்து மேடை தெரியாது, மேடையிலிருந்தும் அது தெரியாது. காப்பியடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அத்தை அண்ணாந்து கூரையையே பார்த்தார். அரங்கத்துக்குள் ஒரு புறா பறந்தது. அதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

"இந்தக் கட்டடத்தோட பூர்வீகம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

நிலவறையில் ஆவணக் காப்பாளர் இருந்தார். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் அவசரமாகச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். போன வருஷம் ஒருவர் வந்தாராம். அவர் கழிவறைக்கு வழி கேட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

"பூர்வீகமா? உக்காருங்க, உக்காருங்க. நூற்றறுபது வருஷம் இருக்கு, எங்க ஆரம்பிக்கட்டும்?"

"ரெண்டே கால் ஆச்சு. முடிவுலேர்ந்து ஆரம்பிங்க," என்றார் மாப்பிள்ளை.

காப்பாளருக்கு மனசு கேட்கவில்லை, முதலிலிருந்தே ஆரம்பித்தார். கட்டியது ஒரு மர வியாபாரி. முழுச் செலவும் அவருடையது. கூரை மரமும் அவர் கடையிலிருந்துதான். பன்னிரண்டு வருஷம் தேவாலயமாக இருந்தது. பிறகு திடீரென்று சபையார் எல்லோரும் வேறு கோயிலுக்குப் போய்விட்டார்கள். காலியாகக் கிடந்தது. ஒரு சர்க்கஸ்காரன் மழைக்காலத்தில் இங்கே யானை கட்டினான். அப்புறம் ஒரு நாடகக் கம்பெனி அரண்மனைத் திரைகளையும் அட்டை மலைகளையும் போட்டு வைத்தது. கடைசியில் பல்கலைக்கழகம் வாங்கி, முதலில் கால்நடை மருத்துவம், அடுத்து வரைபடக் கிடங்கு, அதற்கு அடுத்து தேர்வு அரங்கம் என்று வைத்துக்கொண்டது.

"சபை ஏன் போச்சு?" என்றார் அத்தை.

"அதாம்மா யாருக்கும் தெரியலை. பாதிரியார் மாற்றல் கேட்டு மேலிடத்துக்கு எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. அதைப் படிச்சா எனக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை."

அவர் இழுப்பறையிலிருந்து மஞ்சள் பாரித்த ஒரு கடிதத்தை எடுத்தார். மாப்பிள்ளை அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"மேன்மை தங்கிய ஐயா, இக்கோயிலைக் கட்டிய வியாபாரி காது மந்தமானவர். முன்வரிசையில் உட்காராமல், தானே சொல்லிக் கட்டுவித்த ஓர் இடத்தில் தூணுக்குப் பின்னால் உட்காருவார். போன ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நிற்கையில், அவருடைய கஞ்சத்தனத்தைக் குறித்து எனக்குள்ளாக நாலு வார்த்தை முணுமுணுத்தேன். என் பக்கத்தில் நின்ற உதவியாளருக்குக்கூட அது கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வியாபாரி வந்து அந்த நாலு வார்த்தையையும் வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டு, இனிமேல் ஒரு செங்கல்கூடத் தரமாட்டேன் என்று போய்விட்டார். அறுபது அடிக்கு அப்பால் இருக்கிற செவிடருக்கு நான் நினைத்தது எப்படிக் கேட்டது? இது தேவனுடைய வேலையா, மற்றவனுடைய வேலையா என்று விளங்கவில்லை. எதுவானாலும் எனக்கு வேறு ஊர் கொடுக்கவும்."

"பாவம், வாயைக் கொடுத்துப் புண்ணாக்கிக்கிட்டாரு," என்றார் மாப்பிள்ளை. "ஆனா எனக்குப் புரியுது. எங்க வீட்டுலயும் நான் சமையலறையில முணுமுணுத்தா மாடியில பதில் வரும்."

அத்தை சிரிக்கவில்லை. "பழைய வரைபடம் இருக்கா? வியாபாரி உக்காந்த இடம் எது?"

காப்பாளர் வரைபடத்தை விரித்தார். வலப்பக்கம், நான்காவது தூணுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. கூரையின் வளைவிலிருந்து அந்த வட்டத்துக்கு ஒரு கோடும், பீடத்திலிருந்து கூரைக்கு ஒரு கோடும் இழுத்திருந்தன. நூற்றறுபது வருஷமாக அந்தக் கோடுகளை மழைநீர்க் குழாய் என்று நினைத்து எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"கிராஸ் டாக்," என்றார் அத்தை. "எக்ஸ்சேஞ்ச்ல ஒருத்தர் லைன் இன்னொருத்தர் லைன்ல ஏறிக்கும். இங்க கம்பிக்குப் பதிலா கூரை. பீடம் இருந்த இடத்துல பேசறது மேல போய், வளைவுல பட்டு, அந்த ஒரே இடத்துல இறங்குது. வேற எங்கயும் கேக்காது."

"பீடம் இருந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை தானே பதிலையும் கண்டுபிடித்துக்கொண்டார். அங்கே மேடைமேல் ஒரு மேசை இருக்கிறது. தினமும் அதில் மாறாமல் உட்காருகிறவர் ஒரே ஒருவர்தான்.

"குற்றம் சாட்டினவரேவா?"

"நிரூபிச்சாத்தான் அவர். இல்லைன்னா நாம ரெண்டு பேரும் பைத்தியம்," என்றார் அத்தை.

நான்கு மணிக்குத் துணைவேந்தர் வந்தார். மெலிந்த மனிதர், எதற்கும் 'சீக்கிரம்' என்று சொல்லும் பழக்கம் உள்ளவர். கூடவே இரண்டு பேராசிரியர்களும், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தேர்வுக் கட்டுப்பாட்டாளரும் வந்தார்கள். கட்டுப்பாட்டாளர் கனத்த உடம்பு, அழுத்தமான நடை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இவங்க யாரு?" என்று கேட்டார். குரலில் லேசாகச் சளி கட்டியிருந்தது. மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். அத்தை கூரையைப் பார்த்தார்.

"அந்தப் பொம்பளைக்காகப் பேச வந்தவங்க. ஐயா ஒரே ஒரு உதவி பண்ணணும்," என்றார் அத்தை. "எப்பவும் போல மேடையில உக்காந்து ஒரு கேள்வித்தாளைச் சரிபாருங்க. துணைவேந்தர் ஐயா நாற்பத்தேழுல உக்காரட்டும். பத்தே நிமிஷம்."

"எதுக்கு?"

"இடத்தைப் பார்வையிடணும்னு உங்க கோப்புலயே எழுதியிருக்கே."

அதை மறுக்க அவரால் முடியவில்லை. மாப்பிள்ளை ஓடிப்போய் அலமாரியில் மேலே இருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி மேடையில் வைத்துவிட்டு வந்தார். கட்டுப்பாட்டாளர் பேனாவைத் திறந்தார். காதில் விழுவதை மட்டும் சொல்லுங்கள் என்று அத்தை கிசுகிசுத்ததும், துணைவேந்தர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். மணியக்கா சுவரோரம் நின்றாள். அவள் கை இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை இறுகப் பிடித்திருந்தது.

ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம் போனது. கட்டுப்பாட்டாளரின் பேனா கடகடவென்று ஓடியது. உதடு அசையவே இல்லை. ஏழாவது நிமிஷத்தில் துணைவேந்தர் கொட்டாவி விட்டார். பத்தாவது நிமிஷத்தில் எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா. புறா சத்தம்தான் கேட்டுது. சீக்கிரம், கோப்பைக் கொடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

ஒன்றரை வருஷத்தில் அத்தை தோற்று மாப்பிள்ளை பார்த்ததில்லை. நல்ல நாளில் அதைப் பார்க்க அவருக்கு ஆசைகூட இருந்திருக்கிறது. இன்றைக்கு இல்லை. மணியக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி முன்பெஞ்சின்மேல் வைத்தாள். "மகளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அது முடியற வரைக்கும் அறையில இருந்துக்கலாமா?" என்று கேட்டாள். துணைவேந்தர் பேனாவைத் திறந்தார்.

கட்டுப்பாட்டாளர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. "கேள்வித்தாள்ல பிழை எதுவும் இல்லை. எல்லாத்துக்கும் விடை எழுதியாச்சு. இவ்வளவு சுலபமான தாளை நான் பார்த்ததே இல்லை."

அத்தை அந்தத் தாளை வாங்கித் தலைப்பைப் பார்த்தார். மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "என்ன தாளை எடுத்துக் கொடுத்தீங்க மாப்பிள்ளை?"

"மேல இருந்ததை."

"பல் மருத்துவம், இறுதியாண்டு." அத்தை கட்டுப்பாட்டாளரைப் பார்த்தார். "நிர்வாகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஐயா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இருபத்து நாலு வருஷம் பல் டாக்டர். இங்க வந்து ரெண்டு வருஷம்தான் ஆச்சு. அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டு வருஷம்னா நாலு பருவம்," என்று மாப்பிள்ளை தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார்.

அத்தை துணைவேந்தரின் கையிலிருந்த பேனாவை மரியாதையாக வாங்கி மூடினார். "எங்க எக்ஸ்சேஞ்ச்ல நம்பர் மனப்பாடமா தெரிஞ்சவ வாயே திறக்க மாட்டா ஐயா. தெரியாதவதான் முணுமுணுத்துக்கிட்டே தேடுவா. தெரிஞ்ச தாளைக் கொடுத்தது எங்க தப்பு. இன்னும் அஞ்சு நிமிஷம் கொடுங்க. மாப்பிள்ளை, ஐயாவுக்குச் சுத்தமா தெரியாத பாடம் ஒண்ணு கொண்டாங்க."

"எனக்குத் தெரியாத பாடம்னு எதுவும் இல்லை," என்றார் கட்டுப்பாட்டாளர்.

"அப்ப வானியல்," என்றார் மாப்பிள்ளை.

துணைவேந்தர் முனகிக்கொண்டே மறுபடி தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கட்டுப்பாட்டாளர் மேடையேறித் தாளைப் பிரித்தார். புருவம் சுருங்கியது. தாடையைத் தடவினார். மேடையடியில் நின்ற மாப்பிள்ளைக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைவது தெரிந்தது.

அரை நிமிஷத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து துணைவேந்தரின் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுகிற பிள்ளை மாதிரி அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நட்சத்திரம் எப்படிச் சாகிறது... மேற்பூச்சு தேய்ஞ்சுபோகும்... உள்ள குழி விழும்... கறுப்பாயிடும்... அடைக்கலாம், ஆனா நிக்காது..." கொஞ்சம் நிறுத்தம். பிறகு குரல் இறுகியது. "'இதெல்லாம் இந்தத் துணைவேந்தருக்கு எங்க புரியப் போகுது.'"

மேடையில் கட்டுப்பாட்டாளரின் பேனா கீழே விழுந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்தது, துணைவேந்தருக்குப் பிடித்த மாதிரியே. கோப்பைக் கிழித்தார். ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு மறுதேர்வு என்றார். நாற்பத்தேழை இனிமேல் காலியாக வைக்கச் சொன்னார். தத்துவத்தில் பாஸானவனை என்ன செய்வது என்று பேராசிரியர்களிடம் கேட்டார். விடை சரிதானே, விட்டுவிடலாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதோடு கூட்டம் கலைந்தது.

கட்டுப்பாட்டாளர் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. "எல்லாமே தப்பா?" என்று அத்தையைக் கேட்டார். "ரெண்டு வருஷமா எல்லாத்தையும் சரியாத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். வீட்டுலகூடச் சொல்லியிருக்கேன்." இவ்வளவு நேரம் அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று காத்திருந்த மாப்பிள்ளை அந்த முகத்தைப் பார்த்ததும் குனிந்து பையை எடுத்துக்கொண்டார்.

"சாவியை எடுத்துக்கோ, போகலாம்," என்றார் அத்தை, மணியக்காவிடம்.

மணியக்கா சாவியைத் தொடவில்லை. "வேலை திரும்பிடுச்சுக்கா. காலையில எம் பொண்ணு பார்த்துக்கிட்டிருக்க என்னைக் களவாணின்னாரே, அது எப்படித் திரும்பும்?"

மூவரும் மேடையைப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டாளர் தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். இன்னொரு தடவை திறந்தார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"இவரு வாழ்நாள்ல யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டாரு போல," என்று மாப்பிள்ளை அத்தையின் காதில் சொன்னார்.

அது மணியக்காவுக்கும் கேட்டுவிட்டது. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "தெரியாததைத்தான் முணுமுணுப்பாருன்னு சொன்னீங்களேக்கா," என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய், நான்காவது தூணுக்குப் பின்னால், நாற்பத்தேழாம் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெஞ்சுகளில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மேடையில் கட்டுப்பாட்டாளர் மேசையைப் பார்த்துக் குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அத்தைக்குக் கேட்கவில்லை, மாப்பிள்ளைக்கும் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் இருந்த அத்தைக்கு இன்னொருத்தர் பேச்சு கேட்காமல் போனது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மணியக்கா தூணுக்குப் பின்னாலிருந்து வந்தபோது அவள் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. நேராகப் போய்ச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?" என்றார் மாப்பிள்ளை. அவரால் அடக்க முடியவில்லை.

"மன்னிச்சிடுன்னாரு. மூணு தடவை சொன்னாரு. நான் அழுதுட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம், காலையில நீ என்னைத் திட்டினப்ப பார்த்தேன், மேல கடைவாயில ஒரு சொத்தை இருக்கு, நாளைக்கே வந்து காட்டும்மா, வலிக்காமப் பார்த்துக்கறேன்னாரு."